நாலாம் ஞாயிறும் பச்சையாக இருந்த வளையம்

டிசம்பர் நெருங்கினால் நம் கடைக்கு வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. "கிறிஸ்துமஸ் முடியிற வரைக்கும் பச்சையா இருக்குமா?" என்றுதான் கேட்பார்கள். நீங்களும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "இருக்கும்" என்று சொல்லிவிடுவீர்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். சொன்னது பலித்தது. நான்கு வாரம் கழித்தும் அந்த வளையம் பச்சையாகவே இருந்தது. அதனால் ஸ்டெல்லா என்ற ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. கோயில் நிறைய இருந்த ஜனங்களும் மயிரிழையில் தப்பினார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. பெயர் பாண்டியம்மா. போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம் டெக்கரேஷன் கடை ஒற்றை ஷட்டராக இருந்த நாளிலிருந்து, முழங்கால் மக்கர் பண்ணி வீட்டில் உட்காரும் வரை அங்கேதான் வேலை பார்த்தேன். கோபக்காரி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பொய்யில்லை. பூவாளியைக் காலியாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்களை நான் சும்மா விட்டதில்லை. ஆனால் இப்போது சொல்லப்போகும் விஷயத்தில் திட்டு வாங்க வேண்டியவள் நான்தான். யாரும் திட்டவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

கல்யாண மேடை, காதுகுத்து, கடை திறப்பு எல்லாம் ஒரு நாள் கூத்து. காலையில் கட்டியது சாயங்காலம் வரை தாங்கினால் போதும். மலைமேல் ரிசார்ட்டுகள் பெருகிய பிறகுதான் சைப்ரஸ் மரத்துக் கொப்பை, அதாவது சின்னக் கிளைகளை, வைத்து வட்டமாகக் கட்டும் பச்சை வளையம் நம்மிடம் வந்தது. முதல் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் போனபோது பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து இடம் விட்டு, "யாரு ஆத்தா தவறிட்டாக?" என்று கேட்டார். நம் பக்கத்தில் வளையம் என்றால் சாவு வீட்டுக்குத்தான். கிறிஸ்துமஸுக்கு என்று நான் சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போடிமெட்டு வரைக்கும் என்னைத் துக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரிசார்ட்டுக்காரர்கள் அதைக் கதவில் மாட்டுவார்கள். கிறிஸ்தவக் கோயிலுக்கு வேறு மாதிரி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் பூசைக்குப் பீடத்துக்குப் பக்கத்தில் வளையத்தைப் படுக்க வைத்து, கொப்புகளுக்கு நடுவே நான்கு மெழுகுதிரி நிறுத்துவார்கள். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். ஆக, வளையம் நான்கு வாரம் உயிரோடு இருக்க வேண்டும். வெட்டின கொப்பு அது. வேர் கிடையாது. நான்கு வாரம் அதைக் காப்பாற்றுவது கல்யாண மேடை கட்டுவதைப் போல இல்லை.

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, அதற்கு அடியில் பலகைத் தட்டு, இரண்டு கதவு. அங்கிருந்து ஆர்டர் கொடுத்தவள்தான் ஸ்டெல்லா. போடிக்குப் பக்கத்துச் சிலமலைப் பெண். தினமும் ஜீப்பில் மேலே போய்க் காய் எடுத்துக்கொண்டிருந்தவள், பிறகு எஸ்டேட் வீட்டிலேயே தங்கிவிட்டாள். முதல் வருஷம் அவளுக்குக் கொடுத்த வளையத்தில் நான் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளிக்கச் சொன்னேன். டிசம்பர் மலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். மூன்றாவது ஞாயிறு வளையத்தின் அடியில் வெள்ளையாகப் பூசணம் பூத்து, நாற்றமெடுத்து, பூசை வைக்கிற சாமியாரே அதைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னாராம். ஸ்டெல்லா போனில் அதைச் சொன்னபோது எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

அடுத்த வருஷம் நான் முறுக்கிக்கொண்டேன். வளையத்தைக் கொடுத்த கையோடு அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். ஈரமே படக் கூடாது, உலர்ந்த இடமாகப் பார்த்து வை என்றேன்.

அந்த வருஷம் ஸ்டெல்லாவுக்குப் புது வேலை கிடைத்திருந்தது. எஸ்டேட் ஸ்டோரில், அதாவது பச்சை ஏலக்காயைச் சூடு காட்டி உலர்த்துகிற கட்டடத்தில், ட்ரையரைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு. அதுவரைக்கும் ஆண்கள் மட்டுமே பார்த்த வேலை. சூடு கூடினால் காய் வெளுத்துவிடும், குறைந்தால் கறுத்துவிடும். காயில் இருக்கிற தண்ணீர் முழுக்கப் போக வேண்டும், பச்சை மட்டும் போகக் கூடாது. ஏலம் விடும்போது அந்தப் பச்சைக்குத்தான் மதிப்பு. கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் பார்க்கட்டும், சரியாக வந்தால் நிரந்தரம் பண்ணுகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஸ்டோர் சாவியை அவள் இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்ததைப் பார்க்க வேண்டுமே. போனில் பேசும்போதுகூடச் சாவிச் சத்தம் கேட்கும்.

வாராவாரம் நான் போய் வளையத்தைப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. சீசன் நேரம், ஏகப்பட்ட சோலி, முழங்கால் வலி என்று காரணம் சொல்லலாம். நிஜக் காரணம் ஸ்டெல்லா அனுப்பிய போட்டோ. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஒரு படம் வரும். ஒரு இலை வாடவில்லை, ஒரு கொப்பு மஞ்சளாகவில்லை. மூன்றாவது வாரப் படத்தைக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன். "பாத்தீகளா, மூணு வாரம்! இன்னைக்குக் கட்டுனது மாதிரி இருக்கு" என்று பீற்றிக்கொண்டேன். அந்தப் படத்தை மேனேஜரும் பார்த்துவிட்டு, எஸ்டேட் பங்களாக்கள் அத்தனைக்கும் வளையம் வேண்டும், நாலாம் ஞாயிறு கோயிலுக்கு வாருங்கள், பேசிக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அதனால்தான் போனேன். ஸ்டெல்லாவுக்காகப் போகவில்லை, வளையத்துக்காகவும் போகவில்லை. ஆர்டருக்காகப் போனேன்.

வாடகைக்கு ஓட்டுகிற காதர் அண்ணன் ஜீப்பில் ஏறினேன். பீடத்துக்கு வைக்கச் செவ்வந்தியும் ரோஜாவும் ஒரு கட்டு, வாடாமல் இருக்க ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் இறங்கி முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. பூசை தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது. "வெரசாப் போங்கண்ணே" என்று நான் நச்சரித்துக்கொண்டே வந்தேன். "சாரமில்ல ஆத்தா, மெதுவாவே போவோம், சாமி ஒன்னய விட்டுட்டா கிறிஸ்துமஸக் கொண்டாடிரப் போறாரு?" என்றார் அவர்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியிருந்தது. ஜனம் நிரம்பி வழிந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், எல்லோரும் பாயில். பீடத்துக்குக் கீழே வைக்கோல் வேய்ந்த கிறிஸ்துமஸ் குடில். அந்தக் குடிலைப் பெரிதாகக் கட்டுகிற ஆசையில் பக்கக் கதவை அடைத்துக் கட்டியிருந்தார்கள். குடிலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை, மேசைமேல் என் வளையம். மேலே கூரைப் பலகையில் காகித நட்சத்திரங்கள் சரம் சரமாகத் தொங்கின. முன்வரிசையில் நாற்காலி போட்டு மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. நான்காவதை ஏற்ற ஸ்டெல்லாவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வளையத்தை இவ்வளவு நாள் காப்பாற்றினவள் என்று சாமியாரே சொல்லியிருக்கிறார். புதுச் சேலை, சரசரவென்று ஏதோ செயற்கைப் பட்டு. கையில் சின்னத் திரியைப் பிடித்துக்கொண்டு சாமியாரின் ஜெபம் முடியக் காத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்து பார்த்த எனக்கு நெஞ்சு விம்மியது. அவ்வளவு பச்சை. வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர அவளைப் பார்க்கவில்லை.

அப்போது காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தால், வளையத்தைத் தூக்கி வந்தபோது உதிர்ந்த ஒரு சின்னக் கொப்பு. அதுவும் நல்ல பச்சை. பழக்க தோஷத்தில் எடுத்து வளைத்தேன். ஈரமான சைப்ரஸ் கொப்பு வளையும், விட்டால் திரும்பி நிமிரும். இது அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிந்தது. விரலில் தேய்த்தேன், தூளானது. மூக்கில் வைத்தேன். சைப்ரஸ் வாசம் துளி இல்லை. ஏலக்காய் வாசம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஈரம் படாமல் உலர்ந்த இடத்தில் வை என்று நான் சொன்னதற்கு, அந்த மலையில் அவளுக்குத் தெரிந்த ஒரே உலர்ந்த இடம் ட்ரையர் அறைதான். ஞாயிறு முடிந்ததும் கொண்டுபோய் அங்கே வைத்து, சனிக்கிழமை வரை சூடு காட்டியிருக்கிறாள். ஏலக்காய்க்கு என்ன செய்வாளோ அதையே என் வளையத்துக்கும் செய்திருக்கிறாள். தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் போய்விட்டது, பச்சை மட்டும் போகவில்லை. அவள் வேலையில் கெட்டிக்காரி. அங்கே வருகிற அத்தனை பேரும் ஏலக்காய் பார்த்த கண்ணோடு பார்த்து, அடடா என்ன பச்சை என்று மூன்று வாரம் மெச்சியிருக்கிறார்கள். நானும் போனில் மெச்சினேன். மேசைமேல் இருந்தது வளையம் இல்லை. எண்ணெய் உள்ள சைப்ரஸை நன்றாக உலர்த்திக் கட்டிய தீப்பந்தம்.

இன்னொன்றையும் பார்த்தேன். முதல் மெழுகுதிரி நான்காவது வாரமாக எரிகிறது அல்லவா? அது குட்டையாகி, அதன் சுடர் இலைக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. அதை மாற்றி வைக்க வேண்டியதும் என் வேலைதான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நிமிஷம் எனக்கு நேரம் இருந்தது. ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது, நான்காவது திரி ஏற்றவில்லை. நான் நேரே நடந்து போய், சாமியார் காதில் ஒரு வார்த்தை சொல்லி, மூன்று திரியையும் அணைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் நான் வாசலில் நின்றேன். முன்வரிசையில் மேனேஜரின் பின்மண்டை தெரிந்தது. "ஒங்க வளையம் காஞ்சு போச்சு, அணைங்க" என்று அத்தனை பேர் முன்னால் நானே எப்படிச் சொல்வது? நான்கு வாரம் தாங்கும் என்று சத்தியம் பண்ணினவள் நான்தானே? பூசை முடியட்டும், அரை மணி நேரம்தானே, ஒன்றும் ஆகாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஸ்டெல்லா ட்ரையரில் வைத்தது மேனேஜருக்குத் தெரிந்தால் அவள் வேலை போய்விடுமே, அவளுக்காகத்தான் யோசித்தேன் என்று பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்காகத்தான் யோசித்தேன்.

ஜெபம் முடிந்தது. ஸ்டெல்லா குனிந்து நான்காவது திரியை ஏற்றினாள். குனியும்போது அவள் முந்தானை சரிந்து மேசை விளிம்பில் விழுந்தது. அதைப் பார்த்ததும்தான் என் கால் நகர்ந்தது.

கத்தவில்லை. கத்தினால் அத்தனை பேரும் ஒரே கதவுக்கு ஓடிவருவார்கள், குழந்தைகள் மிதிபடும். அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது. பூக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பூ வைக்கப் போகிறவளைப் போல நடுவழியில் நடந்தேன். பெண்கள் முகம் சுளித்தார்கள். பூசைக்கு நடுவில் இவளுக்கு என்ன அவசரம் என்று ஒருத்தி முணுமுணுத்தது காதில் விழுந்தது. பத்துப் பதினைந்து எட்டுதான் இருக்கும், முடியவே இல்லை.

ஸ்டெல்லா பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "ஸ்டெல்லா, முந்தானைய எடுத்துச் சொருகு. அந்தக் குட்டத் திரிய அணை."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வந்துவிட்ட சந்தோஷம். "பூச நடக்குதுக்கா. அணைக்கக் கூடாது."

"காஞ்சு போச்சு ஆத்தா. சொன்னாக் கேளு, அணை."

"எங்க காஞ்சிருக்கு? எம்புட்டுப் பச்சையா இருக்கு பாருங்க!"

நானே கையை நீட்டினேன். அதிலும் ஒரு கணம் போய்விட்டது. விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து வளர்ந்தவள் நான். உதடு குவியவில்லை. விரலால் அமர்த்தலாமா, பூவால் அமர்த்தலாமா என்று கை தடுமாறியது. வாசலில் நான் சாத்தாமல் வந்த கதவு வழியாக ஒரு காற்று வந்தது. குட்டைத் திரியின் சுடர் படுத்தது.

சர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தீ இலையில் பிடித்தது என்று சொல்ல முடியாது, வட்டத்தைச் சுற்றி ஓடியது. நான் கண் இமைக்குமுன் பாதி வளையம் தீயாக நின்றது. மேலே நட்சத்திரக் காகிதம் சூட்டில் சுருண்டு ஆடியது. ஸ்டெல்லா என்ன செய்தாள் தெரியுமா? பின்னால் நகரவில்லை. குடில் பக்கம் விழுந்துவிடாமல் எரிகிற வளையத்தை வலது கையால் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

பூவைக் கொட்டிவிட்டு ஈரச் சாக்கை விரித்து வளையத்தின்மேல் போட்டேன். போட்டு, மார்போடு சாய்ந்து அழுத்தினேன். சாக்கின் ஓரத்தில் புகை கிளம்பியது. இன்னும் அழுத்தினேன். முன்வரிசையில் இருந்த மேனேஜர் எழுந்து குடில் வைக்கோலைக் காலால் எட்டி ஒதுக்கினார். பின்னால் ஜனம் எழுந்துகொள்ளும் சத்தம். ஒரு குழந்தை வீறிட்டது. அப்போது சாமியார் சத்தமாக, ஆனால் பதற்றமில்லாமல் சொன்னார். "எல்லாரும் எந்திரிச்சு, பாட்டுப் பாடிக்கிட்டே வெளிய போவோம். சின்னப் பிள்ளைக மொதல்ல." சொன்னவர் தானே பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டே நடக்கிறவர்களால் ஓட முடியாது. அவர் யோசித்துச் செய்தாரா, தானாக வந்ததா தெரியாது, ஒரு குழந்தைக்குக்கூட அடிபடவில்லை.

வெளியே முற்றத்தில் மேகம் மூடியிருந்தது. குழாயடியில் ஸ்டெல்லாவை உட்கார வைத்து, வலது கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையும் இரண்டு விரலும் சிவந்து தோல் எழும்பியிருந்தது. அவள் அழவில்லை. கருகிய வளையத்தை யாரோ கொண்டுவந்து புல்லில் போட்டிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் வந்தார். கருகாமல் மிஞ்சிய ஒரு கொப்பைக் குனிந்து எடுத்து மோந்து பார்த்தார். ஏலக்காய்க்காரர், அவருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

"இத எங்க வச்சிருந்த?"

"ட்ரையர் ரூம்ல சார். மேல் தட்டுல."

"அடுப்பு எரியிற எடத்துல, காய் கெடக்குற தட்டுல, இதக் கொண்டு போய் வச்சியா? அங்க பிடிச்சிருந்தா ஸ்டோரே மிஞ்சியிருக்காது. யாரக் கேட்டு வச்ச?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். "இந்த அக்காதான் சொன்னாக" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. "நானாத்தான் வச்சேன் சார்" என்றாள்.

"சாவியக் குடு."

அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஸ்டெல்லா இடது கையால் இடுப்பு முடிச்சைத் தேடினாள். ஒற்றைக் கையால் அவிழ்க்க வரவில்லை. இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இதச் சித்த அவுத்து விடுங்க" என்றாள்.

இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். மேடை சரிந்து மாப்பிள்ளை வீட்டார் அடிக்க வந்திருக்கிறார்கள். எதுவும் இந்த ஒரு வார்த்தையைப் போல என்னைக் கூசவைத்ததில்லை. அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கை முடியவில்லை, பக்கத்தில் நான் இருந்தேன், கேட்டாள்.

நான் முடிச்சைத் தொடவில்லை. என் பையில் இருந்த போனை எடுத்தேன். ஈரக் கை, திரை நகர மாட்டேன் என்றது. சேலையில் துடைத்துவிட்டு, நான்கு வாரத்துக்கு முன்னால் அனுப்பிய அந்த வாய்ஸ் மெசேஜைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏ ஸ்டெல்லா, போன வருசம் மாதிரி தண்ணி கிண்ணி தெளிச்சு வைக்காத. சொட்டு ஈரம் படக் கூடாது. உலந்த எடமாப் பாத்து, ஒங்க ஸ்டோர்ல கீர்ல வச்சிரு. ஞாயித்துக்கெழம மட்டும் வெளிய எடு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நாஞ் சொல்றத மட்டும் செய்யி. வாராவாரம் வந்து பாத்துக்கிருவேன்."

என் குரல்தான். என்ன ஒரு அதிகாரம்! "ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று யாரிடம் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றார் மேனேஜர். போட்டேன். "வாராவாரம் வந்தீங்களா?" என்று கேட்டார்.

"வரல சார். போட்டோ பாத்தேன். பச்சையா இருந்துச்சு, விட்டுட்டேன். இன்னைக்கும் வாசல்லயே தெரிஞ்சு போச்சு. ஆர்டர் போயிரும்னு நின்னுட்டேன். அவ கையி வெந்தது அதனால. சாவிய வாங்குறதா இருந்தா, என்னய இந்த மலப்பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லிட்டு வாங்குங்க."

அவர் கையில் இருந்த கொப்பை ஒடித்தார். மறுபடி ஒடித்தார். "நாலு வாரமா முன்னாடி உக்காந்து நானுந்தான் பாத்தேன். பச்சை போகாமக் காக்கத் தெரிஞ்சவ, இவ ட்ரையருக்கு லாயக்குதான்னு நெனச்சது இதப் பாத்துத்தான்" என்றார். பிறகு ஸ்டெல்லாவிடம், "சாவி இருக்கட்டும். மொதல்ல கைக்கு மருந்து போடப் போ. ட்ரையருக்குள்ள காயத் தவிர ஒரு துரும்பு போனாலும் பேச்சே கெடையாது" என்றார். என் பக்கம் திரும்பி, பங்களா ஆர்டரை விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டேன்.

பூசையின் மீதியை முற்றத்திலேயே முடித்தார்கள். யாரோ ஒரு இரும்புச் சட்டியில் மண்ணை அள்ளி வந்து நான்கு திரியை நட்டு வைத்தார்கள். காற்றுக்கு இரண்டு அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். நான் காதர் அண்ணன் ஜீப்பில் ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: "பச்சையா இருந்துச்சேக்கா, எப்பிடிக்கா காஞ்சிருக்கும்?" உனக்குத் தெரிந்ததை நீ ஒழுங்காகச் செய்தாய், எனக்குத் தெரிந்ததை நான் செய்யவில்லை என்று சொன்னேன். அவள் சமாதானம் ஆகவில்லை. கை ஆறப் பொங்கல் தாண்டியது. வேலை நிரந்தரமானது.

அதற்குப் பிறகு நான் வளையம் கொடுத்தால் எப்படி நடந்துகொண்டேன் என்று கடையில் பழைய ஆட்களைக் கேளுங்கள், சொல்லிச் சிரிப்பார்கள். வாரம் ஒருமுறை நேரில் போவேன். தூக்கிப் பார்ப்பேன், கட்டின அன்று இருந்த கனம் இருக்கிறதா என்று. கொப்பை வளைத்துப் பார்ப்பேன். பூவாளியால் அடிப்பக்கம் புகைபோலத் தெளித்துவிட்டு, காற்று வருகிற இடத்தில் தொங்கவிடச் சொல்வேன். வெயிலும் கூடாது, அடுப்பும் கூடாது. நொறுங்கிய கொப்பைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கொப்பு சொருகுவேன். குட்டையான திரியை, இன்னும் எரியும் என்று அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் மாற்றிவிடுவேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைக்காத கோயிலில் வளையத்தை இறக்க மாட்டேன். கிறுக்கி என்றார்கள், சொல்லட்டும். வாயால் ஊதி அணைக்கவும் பழகிக்கொண்டேன்.

கனமும் போய், வளைவும் போய்விட்டால் அந்த வளையம் முடிந்தது. எவ்வளவு பச்சையாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், நல்லாத்தானே இருக்கு என்பார். சண்டை போடுங்கள். வாசலில் நிற்காதீர்கள்.

மறுவருஷம் அந்தக் கோயிலிலிருந்து ஆர்டர் வராது என்றுதான் நினைத்தேன். கார்த்திகை பிறந்ததும் ஸ்டெல்லா போன் பண்ணினாள். சாவிச் சத்தம் கேட்டது. வளையத்தைக் கொடுத்தனுப்பினேன். இரண்டாவது ஞாயிறு முழங்கால் வீங்கி, படி இறங்க முடியவில்லை. மழை வேறு. ஒரு வாரம்தானே என்று எனக்குள் அந்தப் பழைய குரல் மெல்ல எழுந்தது. போனை எடுத்து, "ஸ்டெல்லா, இந்த வாரம் மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிரு ஆத்தா, பாத்துச் சொல்றேன்" என்றேன்.



"போட்டோ அனுப்ப மாட்டேன்க்கா" என்றாள். "ஜீப்ப அனுப்பி விடுறேன். வந்து தொட்டுப் பாத்துட்டுப் போங்க."